சில்வருக்கு வெறும் வயிறு ஆகாது

"தோ, அவ்ளோதான்... அவ்ளோதான்டா. இன்னா இப்ப, கசக்குதா? எனக்குந்தான் கசக்குது, நான் முழுங்கல?" என்று பேசிக்கொண்டே குதிரையின் கடைவாயில் ஊசியில்லாத பெரிய சிரிஞ்சை நுழைத்து, அடிநாக்கில் மருந்துப் பசையை அழுத்துகிறார் ஆரோக்கியம். உடனே தாடையைத் தூக்கிப் பிடித்துக்கொள்கிறார். விட்டால் துப்பிவிடும். தொண்டை ஒருமுறை ஏறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் பிடி தளரும். அதற்கப்புறம் சட்டைப் பையிலிருந்து ஒரு மாத்திரையை எடுத்துத் தன் வாயிலும் போட்டுக்கொள்கிறார்.

"இந்த ஊட்ல ரெண்டு பேருக்கும் ஒரே மருந்து. அதுக்குப் பசை, இவருக்கு மாத்திர" என்கிறார் பாத்திரம் துலக்கிக்கொண்டிருக்கும் லில்லி. ஆரோக்கியத்தின் மனைவி. "வியாதியும் ஒண்ணு, முறைக்கிறதும் ஒண்ணு."

இருவருக்கும் வயிற்றுப் புண். குதிரைக்கு மருந்து போன பிறகு கொஞ்ச நேரம் தீனி காட்டக்கூடாது. அந்த நேரம் முழுக்க ஆரோக்கியமும் டீ குடிக்கமாட்டார். லில்லி டம்ளரை நீட்டினால், "அது பாத்துக்கினு கீது, வெய்யி" என்பார். குதிரையின் முன்னால் புல் விழுந்து, அது முதல் வாயை மென்ற பிறகுதான் ஆறிப்போன டீ அவர் தொண்டையில் இறங்கும்.

பாகூர் ஏரிக்கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருக்கிறது அவர்கள் வீடு. ஐம்பதைத் தாண்டிய ஆரோக்கியம் வெகுகாலம் தவளக்குப்பத்தில் ஒரு கல்யாண அலங்காரக் கடைக்கு மினிலாரி ஓட்டினார். மேடை, நாற்காலி, வளைவுகளோடு அந்தக் கடையில் ஒரு வெள்ளைக் குதிரையும் இருந்தது. கடைக்காரர் தொழிலை மாற்றியபோது லில்லியின் கழுத்துச் சங்கிலி குதிரையாகி வீட்டுக்கு வந்தது. ரேஸில் ஓடிய காலத்தில் அதற்கு நீளமாக ஒரு இங்கிலீஷ் பெயர் இருந்ததாம். அதில் 'சில்வர்' மட்டும் மிஞ்சி, ஊர் வாயில் 'சில்வரு' ஆகிவிட்டது. "எம்மாஞ் சங்கிலி, அத்தக் குடுத்துட்டு எவர்சில்வர வாங்கியாந்துட்டாரு" என்று லில்லி அப்போது ஊரெல்லாம் சொல்லிச் சிரித்தார்.

இப்போது வீட்டைச் சுற்றி எங்கே பார்த்தாலும் வலை தொங்குகிறது. நல்லவாட்டு மீனவர்களிடம் கேட்டு வாங்கி வந்த பழைய வலைகள். இரண்டாக மடித்துத் தைத்து, உள்ளே புல்லைத் திணித்து, வேப்ப மரத்தில் ஒன்று, கொட்டகைக் கம்பத்தில் ஒன்று, தண்ணீர்த் தொட்டியருகே ஒன்று. சின்னக் கண்ணி வழியாக இழை இழையாக உருவித் தின்றால்தான் குதிரையின் வாய் நாள் முழுக்க அசைந்துகொண்டிருக்கும். கொள்ளு பெயருக்குத்தான். மாட்டுக்கு வைத்ததில் மிஞ்சியதென்று யாராவது ஒரு கூடை தவிடு கொண்டுவந்தால் ஆரோக்கியம் வாசலிலேயே மறித்துத் திருப்பி அனுப்பிவிடுவார். கிணற்றடியில் ஒரு துண்டு நிலத்தில் குதிரைமசால் என்ற தீவனப் பயிர் போட்டிருக்கிறார். சேணம் கட்டுவதற்கு முன்னால் அதில் ஒரு பிடி அறுத்துக் கொடுப்பது கட்டாயம். வெறும் வயிற்றோடு நடந்தால் உள்ளே இருக்கும் புளிப்புத் தண்ணீர் அலம்பிப் புண்ணில் படும் என்பது கால்நடை டாக்டர் சொன்னது. சேணத்தின் வயிற்றுவாரை ஒரேயடியாக இறுக்குவதும் இல்லை. ஓர் ஓட்டை இறுக்குவார், நிற்பார், குதிரையின் காதைப் பார்ப்பார், பிறகு அடுத்த ஓட்டை.

இந்தப் பொறுமையெல்லாம் முன்பு கிடையாது.

ஆரோக்கியத்துக்கு மாடு தெரியும். காலையில் ஒருமுறை, சாயங்காலம் ஒருமுறை வயிறு முட்டப் போட்டால் மாடு படுத்து அசை போட்டுக்கொள்ளும். குதிரையையும் அப்படியே வைத்திருந்தார். ஊர்வல நாளில் அதுவும் கிடையாது. மண்டப வாசலில் சிவப்புக் கம்பளத்தில் குதிரை சாணி போட்டால் பெண்வீட்டார் முகம் சுளிப்பார்கள், அடுத்த கல்யாணத்துக்குக் கூப்பிடமாட்டார்கள். அதனால் விடிந்ததிலிருந்து பட்டினி. மேளமும் வெடியும் முடிந்து வீடு திரும்பிய பிறகு ஒரு வாளி கொள்ளு. முகூர்த்த மாதத்தில் கால் நொண்டினால் தெரிந்தவர் கொடுத்த வலி மருந்து. அதுவும் அதே வெறும் வயிற்றில்.

குதிரை மெலிந்தது. கொள்ளை முகர்ந்துவிட்டு அப்படியே நின்றது. மரக்கட்டையைக் கடித்தது. வயிற்றுவாரைத் தொட்டாலே பல்லைக் காட்டித் திரும்பியது. "கொழுப்பு. சண்டி ஆயிட்ச்சி" என்று ஆரோக்கியம் எல்லோரிடமும் சொன்னார். சண்டிக்கு மருந்து அவருக்குத் தெரிந்தது ஒன்றுதான்: கொட்டகைக் கூரையில் செருகியிருந்த பிரம்பு.

மதகடிப்பட்டில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. செண்டை மேளம் உச்சத்தில் இருந்தபோது சில்வரு நடுரோட்டில் நின்றுவிட்டது. கழுத்தை வளைத்துத் தன் விலாவைப் பார்த்தது. பிறகு முன்னங்கால்களை மடித்தது. சரிகைத் தலைப்பாகையோடு மாப்பிள்ளை சரிந்து இறங்கினார். கூட்டம் கூச்சலிட்டது. அவமானத்தில் ஆரோக்கியத்துக்குக் கண் இருட்டியது. கையோடு கொண்டுவந்திருந்த அந்தப் பிரம்பால் அடித்தார். எழுந்திருக்கும்வரை அடித்தார்.

"அது வவுத்தத் திரும்பித் திரும்பிப் பாத்துது. வலிக்குதுன்னு காட்டுது. நான் அத்தப் பாத்துக்கினேதான் அடிச்சேன்" என்கிறார். இதைச் சொல்லும்போது யார் முகத்தையும் பார்ப்பதில்லை.

வீடு திரும்பிப் படுத்த குதிரை மறுநாள் எழுந்திருக்காததால்தான் கால்நடை மருத்துவர் புவனேஸ்வரியைக் கூப்பிட்டார்கள். அவர் ஈறைப் பார்த்தார், வயிற்றில் காது வைத்தார், என்ன போடுகிறீர்கள், எப்போது போடுகிறீர்கள் என்று கேட்டார். பிறகு மூக்கு வழியாகக் கேமராக் குழாய் விட்டுப் பார்க்க ஏற்பாடு செய்தார். அதற்கு முதல்நாளே தீனியை நிறுத்த வேண்டும். "கடைசியா ஒரு தடவை பட்டினி போடுங்க. இனிமே வேண்டாம்" என்றார் டாக்டர். அன்று ஆரோக்கியமும் சாப்பிடவில்லை.

திரையில் குதிரையின் வயிறு தெரிந்தது. வெளிறிய சுவரில் சிவந்த குழிகள்.

"இதுக்கு மாடு மாதிரி அசை போடத் தெரியாது. தின்னாலும் தின்னலனாலும் உள்ள அமிலம் ஊறிட்டே இருக்கும். புல்லு இல்லன்னா அது வயித்தையே அரிக்கும். உங்களுக்கு இந்தத் தொந்தரவு இருக்கா?"

"கீதும்மா. வருசக்கணக்கா மாத்திர போடறேன்."

"எரிஞ்சா எப்படி இருக்கும்?"

ஆரோக்கியத்துக்கு இரவுகளில் எரிச்சல் தாங்காமல் லில்லியை எழுப்பிச் சத்தம் போட்டதெல்லாம் நினைவுக்கு வந்தது. வீட்டுக்கு வந்ததும் பிரம்பை உருவி நான்காய் ஒடித்து அடுப்பில் வைத்தார். "நல்லா எரியுது" என்றார் லில்லி.

மருந்தும் புல்லும் ஓய்வுமாக மாதங்கள் போயின. ரோமம் பளபளத்தது. மறுபடி குழாய் விட்டுப் பார்த்த டாக்டர், புண் பெரும்பாலும் ஆறிவிட்டது, ஏறி மெதுவாக நடத்தலாம், ஓட்டம் வேண்டாம் என்றார். தினமும் வெயில் தாழ்ந்த பிறகு ஏரிக்கரையில் சில்வருவும் ஆரோக்கியமும் போவதைப் பார்க்கலாம். பாதி தூரம் அவர் மேலே இருப்பார், பாதி தூரம் இறங்கிப் பக்கத்தில் நடப்பார். எதிரே பைக்கில் வருபவர்கள், "இன்னா மாமா, குதிர உன்ன மேய்க்குதா?" என்று கேட்டுவிட்டுப் போவார்கள்.

வைகாசியில் சுப்பராயலு வந்தார். நெல்லும் கரும்பும் வைக்கிற பெரிய குடும்பம். மகன் புகழ்வேந்தனுக்கு வில்லியனூர் மண்டபத்தில் கல்யாணம்.

"இன்னாப்பா ஆரோக்கியம், குதிர தேறிட்ச்சின்னு சொன்னாங்க. பசங்க டிஜே வெக்கறானுங்க. கொஞ்சம் ஆடணும், அவ்ளோதான்."

"வரேங்கய்யா. ஆடாது. நடக்கும். வெடி கூடாது. நடுவுல நிறுத்திப் புல்லு குடுப்பேன். வாசல்ல சாணி போட்டா நானே அள்ளிடறேன்."

சுப்பராயலு கோபிக்கவில்லை. வாய்விட்டுச் சிரித்தார். "எனக்குந்தான்யா வவுத்துல புண்ணு. அதுக்காவ எம் புள்ள கல்யாணத்துல பிரியாணி துன்னாம இருப்பனா? சரி, உனுக்கு இஷ்டமில்ல. பத்திரிக வெச்சிட்டேன், சாப்ட வந்துரு."

அவர் போனதும் லில்லி கேட்டார்: "வந்த சீசனும் போச்சா?"

"போச்சி."

லில்லி துலக்கிய பாத்திரத்தை மறுபடி துலக்கினார். அந்த வாரமே ஆரோக்கியம் ஒரு செங்கல் சூளைக்கு லாரி ஓட்டப் போய்விட்டார். மதிய வலையை மாட்டுவது லில்லியின் வேலையானது.

பத்திரிகை வைத்த மரியாதைக்கு ஆரோக்கியம் கல்யாணத்துக்குப் போனார். ஊர்வலம் தேரடித் தெருவுக்குள் வந்தது. கடலூர்ப் பக்கத்திலிருந்து வரவழைத்த கறுப்புக் குதிரை. ஒலிபெருக்கி வண்டியின் அதிர்வில் அதன் தோல் துடித்தது. கழுத்தெல்லாம் நுரை. திருப்பத்தில் கூட்டம் தேங்கியபோது அது தலையை வளைத்துத் தன் விலாவைப் பார்த்தது.

ஆரோக்கியம் கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு குதிரைக்காரரிடம் போனார். ஏறக்குறைய அவர் வயதுதான்.

"அண்ணே, காலையில இன்னா போட்டீங்க?"

அந்த ஆள் விசித்திரமாகப் பார்த்தார். "இன்னிக்கு ஊர்வலமாச்சே. ஒண்ணும் போடல."

எத்தனையோ வாசல்களில், எத்தனையோ பேருக்கு, இதே பதிலைப் பெருமையாகச் சொன்னவர் ஆரோக்கியம். "வவுத்துல புண்ணு இருக்கும்ணே. டாக்டரம்மா ஒருத்தங்க கீறாங்க, நம்பர் தரேன்..."

"வழிய உடுபா, மாப்ள மேல கீறாரு."

மேளம் எழுந்தது. குதிரை நகர்ந்தது. ஆரோக்கியம் சாப்பிடாமலே பேருந்து ஏறினார்.

வீட்டில் விளக்கடியில் சில்வரு வலையிலிருந்து புல்லை உருவிக்கொண்டிருந்தது. கல்யாண வீட்டுச் சட்டையோடு நேராக அதன் முன்னால் போய், நெற்றியைத் தடவச் சட்டென்று கையைத் தூக்கினார். மெல்லும் தாடை நின்றது. காதுகள் பின்னால் படிந்தன. குதிரை ஓரடி விலகி, கண்ணின் வெள்ளை தெரிய அவர் கையையே பார்த்தது.

தூக்கிய கை அப்படியே நின்றது. பிறகு மெல்ல அதை இறக்கினார். இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, தலையைச் சற்றுத் தாழ்த்தி, அதுவாக வரட்டும் என்று நின்றார்.