வாயில் அடக்கிய கல்

நெய்வேலியை விட்டு நடந்துகொண்டிருந்தேன். செம்மண் ரோடு, இரண்டு பக்கமும் முந்திரித் தோப்பு. தோளில் ஒரு துணிமூட்டை, சட்டைப்பையில் ஒரு கூழாங்கல். புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. ஒரு மனிதரின் வாய்க்குள் கிடந்து கிடந்து வழவழப்பான கல். அடி எடுத்து வைக்கும்போதெல்லாம் அது நெஞ்சில் தட்டியது. பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அமாவாசையை ஒட்டிய நாள், வானத்தில் நிலா இல்லை. இல்லாததே நல்லது என்று நினைத்துக்கொண்டேன்.

கல் என்னோடு ஒரே தகர ஷெட்டில் இருந்த பைப்புக்காரருடையது. சுரங்கம் வெட்டத் தொடங்கியிருந்த காலம் அது. தோண்டத் தோண்ட அடியிலிருந்து தண்ணீர் பீறிட்டது. இரவும் பகலும் அதை இறைத்தார்கள். அந்தத் தண்ணீரை வெளியே கொண்டுபோகும் குழாய்களைப் பதிக்க ஒரு சின்ன காண்ட்ராக்டரிடம் நாங்கள் கூலிக்கு இருந்தோம். நான் ஐந்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவன். நெல்லிக்குப்பத்தில் கரும்பு சுமந்து, அங்கேயும் நிலைக்காமல் வந்து சேர்ந்தவன். பைப்புக்காரர் அந்த மண்ணிலேயே பிறந்தவர். என்னைவிட நாலைந்து வயது மூத்திருப்பார். சுரங்கத்துக்காக ஊர் காலியானபோது சொந்தக்காரர்கள் ஆளுக்கொரு திசையாகப் போனார்கள். அந்த நாட்களில் ஒருநாள் மனைவியை ஏதோ சொல்லிவிட்டார். என்ன சொன்னார் என்று என்னிடம் கடைசிவரை சொல்லவில்லை. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு திருவதிகைக்கு, தாய்வீட்டுக்குப் போய்விட்டாள்.

“அடிச்சிருந்தா காயம் ஆறியிருக்கும்,” என்பார். “என் வாயி என்னிக்குக் கெட்டுப்போவும்னு எனக்கே தெரியல. அது தெரிஞ்சிகினாதான் அவளக் கூட்டியாற முடியும்.”

அதைத் தெரிந்துகொள்ளத்தான் அவர் நிலாவைப் பிடித்துக்கொண்டார். சந்திரன் மனசுக்குக் காரகன், பிறந்த ராசிக்கு எட்டாமிடத்தில் அவன் நிற்கும் இரண்டேகால் நாள் மனசு தடுமாறும், அதுதான் சந்திராஷ்டமம் என்று ஏதோ கோயிலில் யாரோ சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இவருக்குப் பிறந்த நட்சத்திரமே தெரியாது. கூலிக்காரன் வீட்டுப் பிள்ளைக்கு யார் ஜாதகம் எழுதினார்கள்? தாயும் தகப்பனும் இல்லை, கேட்க ஊரும் இல்லை. அதனால் அவர் கணக்கைத் தலைகீழாகப் போட்டார். எந்த நாளில் தன் மனசு இருண்டு போகிறதோ, அன்று நிலா எங்கே நிற்கிறதென்று பார்த்தால், அங்கிருந்து பின்னால் எண்ணித் தன் ராசிக்கு வந்துவிடலாம் அல்லவா?

மனசு கெட்ட நாளிலெல்லாம் பழுப்பு நிலக்கரித் துண்டால் ஷெட்டின் தகரத்தில் ஒரு கோடு கிழிப்பார். நான் பஞ்சாங்கத்தை எழுத்துக்கூட்டிப் படித்து அன்றைய நட்சத்திரத்தைச் சொல்வேன். மாதக்கணக்கில் இது நடந்தது. கடைசியில் திருவாதிரையும் புனர்பூசமும்தான் அவருடைய இருட்டு என்று தீர்மானமாயிற்று. இரண்டும் மிதுனம். மிதுனம் விருச்சிகத்துக்கு எட்டு. ஆகவே தான் விருச்சிக ராசி என்று அவரே தனக்கு ஒரு பிறப்பை எழுதிக்கொண்டார். அன்று அவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். காணாமல் போன பிள்ளையைக் கண்டெடுத்தவர் மாதிரி இருந்தார்.

அதற்குப் பிறகு சந்திரன் மிதுனத்தில் இருக்கும் நாட்களில் இந்தக் கல்லைக் கன்னத்துக்குள் அடக்கிக்கொண்டு பேசாமல் இருந்தார். வேலையெல்லாம் கைஜாடைதான். ஆட்கள் மவுனசாமி என்று கேலி செய்வார்கள். அதில் முதல் ஆள் சேலத்துக்காரன், கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகாதவன். “சாமி, எங்கூட்டுக்காரிக்கும் ஒரு கல்லு குடுங்க, புண்ணியமாப் போவும்,” என்பான். பைப்புக்காரர் கல்லோடு சிரிப்பார். மற்ற நாட்களில் கேட்டால் பதில் சொல்வார்: “நெலா என்னா பண்ணும்? அது பாட்டுக்குப் போவுது. நான் எங்க போறேன்னு பாக்கத்தான் அத வெச்சிகினு இருக்கேன். இப்பல்லாம் கோவம் வர்றதுக்கு முன்னாடியே காது சூடாவுது. முன்ன அதுகூடத் தெரியாது.”

இது வெறும் பேச்சில்லை. மேஸ்திரி தாயைச் சொல்லித் திட்டியபோதும் அவர் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டு நகர்ந்து போனதை நான் பார்த்திருக்கிறேன். பிறகு எத்தனையோ ஊர் அலைந்தேன், காவி கட்டியவர்களோடும் இருந்தேன். தன்னை அவ்வளவு உற்றுப் பார்த்த இன்னொருவரை நான் காணவில்லை. இப்போது தினம் கிழிக்கும் காலண்டர் தாளிலேயே சந்திராஷ்டமம் இன்னாருக்கு என்று அச்சடித்து வருகிறது. பார்க்கிறார்கள், கிழிக்கிறார்கள், கசக்கிப் போடுகிறார்கள். அவருக்கு அதைக் கண்டுபிடிக்க ஒரு தகரச் சுவர் முழுக்கத் தேவைப்பட்டது.

ஐப்பசி மாதம். அந்த வருஷப் பொங்கலுக்குள் மனைவியை அழைத்து வந்துவிடுவதாக இருந்தார். முந்தின நாள் நல்ல மழை. காலையில் மேற்கே வெளுத்துக் கிடந்த நிலாவைப் பார்த்துவிட்டு அவர் கல்லை வாயில் போட்டுக்கொண்டார். ஆளுயரத்துக்கு மேல் பள்ளம், இரண்டு பக்கமும் ஈர மணல். சேலத்துக்காரனும் இன்னும் இருவரும் உள்ளே நின்று மண்ணை வாரிக்கொண்டிருந்தார்கள். நானும் பைப்புக்காரரும் மேலே ஒரு குழாயின் இரண்டு முனைகளில் இருந்தோம். கரையில் ஒரு வெடிப்புக் கோடு விழுவதை அவர்தான் முதலில் பார்த்தார். கல்லைத் துப்பிவிட்டுக் கத்தினார்.

“ஏறுங்கடா. கர வருது.”

பள்ளத்திலிருந்த மூவரும் நிமிர்ந்தார்கள். கரையைப் பார்க்கவில்லை, அவரைப் பார்த்தார்கள். வேறு யார் கத்தியிருந்தாலும் ஓடியிருப்பார்கள். மவுனநாளில் அந்த வாயிலிருந்து சத்தம் வந்ததுதான் அவர்களுக்குப் பெரிதாக இருந்தது. சேலத்துக்காரன் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு சிரித்தான்.

“டே, மவுனசாமி வாயத் தொறந்துட்டாருடா. இன்னிக்கும் மழைதான்.”

கரை இறங்கியது. ஓரத்தில் நின்ற இருவரை இழுத்துவிட்டோம். சேலத்துக்காரனைத் தோண்டி எடுத்தபோது அவன் வாய் நிறைய மணல்.

பைப்புக்காரர் மண்ணில் கிடந்த கல்லைத் தேடி எடுத்தார். கழுவினார். மறுபடி வாயில் போட்டுக்கொண்டார். சந்திரன் மிதுனத்தைத் தாண்டியும் அதை எடுக்கவில்லை.

ஒரு வாரம் கழித்து, செத்தது அவர்தான் என்று யாரோ தப்பாகச் சொல்லக் கேட்டு, ஊர் காலியானபோது எங்கோ போயிருந்த அவருடைய அத்தை அழுதுகொண்டு வந்தாள். கூடவே அவர் மனைவியும் இடுப்பில் குழந்தையோடு வந்தாள். உயிரோடு இருப்பதைக் கண்டு அத்தை முகத்தைத் தடவினாள். ஏன் பேசவில்லை என்று கேட்டாள். நான்தான் விருச்சிகம், மிதுனம், கல் என்று எல்லாவற்றையும் சொன்னேன்.

“விருச்சிகமா? எவன் சொன்னான்?” என்றாள் அத்தை. “ஆடிக் கிருத்திகையன்னிக்குப் பொறந்த புள்ள இது. தெருவுல காவடி போயிகினு இருந்துது. கொடி அறுத்தவளே நான்தான்.”

கிருத்திகை என்றால் மேஷம் அல்லது ரிஷபம். அவருக்கும் மிதுனத்துக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. சொல்லித்தர ஆள் தேவையில்லை, அவருக்கே எண்ணத் தெரியும். தகரச் சுவரை வெகுநேரம் பார்த்தார். பிறகு கல்லை எடுத்துக் குழாயின் மேல் வைத்தார்.

“அப்ப இத்தினி நாளா நான் பாத்துகினு இருந்தது யார அத்த?”

நான் கேட்ட அவருடைய கடைசிப் பேச்சு அதுதான். அவர் மனைவி குழந்தையை இறக்கிவிட்டு எதிரே வந்து நின்றாள். “இந்தா, எங்கூட வா. திட்டியாச்சும் பேசு. நான் ஒண்ணும் நெனச்சிக்க மாட்டேன்,” என்றாள். அவர் கை காதைத் தொட்டது. அத்தை கையைப் பிடித்துக் கூட்டிப்போனாள். பஸ் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார், மடியில் குழந்தை. திருவதிகையில் அவர் பேசினாரா என்று எனக்குத் தெரியாது. பண்ருட்டி வழியாக எத்தனையோ முறை போயும் நான் அங்கே இறங்கி விசாரிக்கவில்லை.

அவர் விட்டுப்போன கல்லை எடுத்துக்கொண்டு நானும் அன்றே கிளம்பினேன். அந்தத் தகரத்தைப் பார்த்துக்கொண்டு என்னால் படுக்க முடியாது.

பண்ருட்டி ரயிலடியில் படுத்து எழுந்தேன். காலையில் தண்டவாளத்தில் ஜல்லி தள்ளும் கூலிகள் கூடியிருந்தார்கள். ஆள் வேண்டுமா என்று மேஸ்திரியிடம் கேட்டேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். மற்றவர்கள் குனிந்து வேலை செய்யும்போது, தூரத்தில் நின்று வண்டி வருகிறதா என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமாம்.

“கத்துவியா? தொண்ட இருக்குதா ஒனக்கு?”

சட்டைப்பையை மேலாகத் தொட்டுப் பார்த்தேன். கல் இருந்தது.

“கத்துவேங்க,” என்றேன். “ஆனா ஆளுங்ககிட்ட சொல்லி வையிங்க. நான் கத்துனா, எம் மூஞ்சியப் பாக்க வேணாம்.”