சீனித்தாயின் மெல்போர்ன் நடை

“ஏட்டி, உக்காராத. அந்த மரம் வரைக்கும் போயிரு.”

கைபேசியை முகத்துக்கு நேரே ஏந்தியபடி வண்டிப்பாதையில் நடக்கிறாள் சீனித்தாய். அங்கே மரம் எதுவும் கிடையாது; கண்ணுக்கெட்டிய மட்டும் கரிசல்தான். அவள் சொன்ன மரம் மெல்போர்னில் நிற்கிறது. மகள் பானு நிறைவயிற்றைப் பிடித்துக்கொண்டு அதை நோக்கிப் போய்க்கொண்டிருக்கிறாள்.

கயத்தாற்றுக்கு வடக்கே ஓர் ஊரில் மாவு மில் வைத்திருப்பவள் சீனித்தாய். மிஷின் இரைச்சலோடு போட்டி போட்டே பழகியதால் மெதுவாகப் பேச வராது. ஆடு மேய்க்கும் மாயகிருஷ்ணன் முதல் நாள் மிரண்டேபோனான்.

“யக்கா, யார வையுதீக?”

“ஒன்னய இல்லலே. ஆஸ்திரேலியாவுல இருக்கவள.”

பானுவுக்குத் தலைப்பிரசவம். முழுகாமல் இருக்கும் சேதி வந்த கையோடு கொரோனாவும் வந்து, விமானங்கள் நின்றுபோயின. ஆஸ்திரேலியா வெளியாட்களுக்குக் கதவைச் சாத்திக்கொண்டது. பேறுகாலத்துக்குள் திறந்துவிடுவார்கள் என்று நம்பி, பிள்ளை பெற்றவளுக்கான காய மருந்தைத் தன் மில்லிலேயே திரித்துக் கட்டிவைத்தாள் சீனித்தாய். அதில் வண்டு விழுந்தது. கொட்டிவிட்டு மறுபடியும் திரித்தாள்.

தினமும் நடக்கச் சொல்லி பானுவுக்கு டாக்டர் உத்தரவு. மெல்போர்ன் ஊரடங்கிலோ வீட்டைச் சுற்றி ஒரு மணி நேரம்தான் நடக்கலாம். புருஷன் முத்துமணி நாள் முழுக்கக் கம்ப்யூட்டர் முன்னால். தனியாகப் போகப் பயந்து அழுதுகொண்டு கிடந்தாள். “நானும் நடக்குதேன், நீயும் நட” என்று அம்மா கிளம்பியது அப்படித்தான். இங்கே விடிந்து வெயில் ஏறும் நேரம், அங்கே நண்பகல்.

கம்பு திரிக்க வருகிறவர்கள் முதலில் மெல்போர்னின் அன்றைய கொரோனாக் கணக்கைக் கேட்டாக வேண்டும். “நேத்தைக்கு இன்னைக்குக் கொறவு. அங்கன அவிய ஒண்ணு சொன்னா சொன்னதுதான். நம்ம கோயில்பட்டி பஜாருல போயிப் பாரு, கல்யாண வீடு கெட்டுச்சு.” வாய் அப்படிப் புகழும். ஆனால் மகளைக் காக்கிற அந்தக் கதவேதான் தன்னையும் தடுக்கிறது என்பது அவளுக்குத் தெரியாதா? யாரை வைவதென்று தெரியாத நாட்களில் மிஷினை வைவாள்.

புரட்டாசி பிறக்கும் சமயத்தில் நடைக்கு இரண்டு மணி நேரம் அனுமதித்தார்கள். பானுவுக்குச் சந்தோஷம். “ரெண்டு மணியா ஆக்குறதுக்கு முன்ன என் முழங்கால ஒரு வார்த்த கேட்டாவளா?” என்று முணுமுணுத்தாலும், இரண்டு மணி நேரமும் நடந்தாள் சீனித்தாய்.

ஐப்பசியில் மழை விழுந்தது. பானுவை ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். வீட்டில் இருப்புக்கொள்ளாமல் சீனித்தாய் தனியாக நடந்தாள். கரிசல் காலில் அப்பி, ஒவ்வொரு அடியும் கனத்தது. அப்போதுதான் முத்துமணி கூப்பிட்டான்.

“அத்த, பொம்பளப் பிள்ள. ரெண்டு பேரும் நல்லாருக்காவ. இந்தா காட்டுதேன், பாருங்க.”

சட்டென்று கைபேசியை நெஞ்சோடு கவிழ்த்துக்கொண்டாள்.

“செத்த இருங்க மாப்ள. வெளிய சுத்துன காலு.”

பக்கத்துத் தோட்டத்து மோட்டார் ரூம் படியில் கைபேசியைக் குப்புற வைத்தாள். தொட்டித் தண்ணீரை மொண்டு ஊற்றிக் கால் சேற்றைத் தேய்த்துக் கழுவினாள். கையை இரண்டு தரம் கழுவினாள். ஈரத்தைச் சேலையில் துடைத்து, முந்தானையால் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்ட பிறகே கைபேசியைத் திருப்பினாள்.