நாற்பத்தாறிலேயே நின்ற வெப்பநிலை

1. உப்புக்காற்று

அந்த வானொலி நிலையத்துக்கு நான் முதன்முதலாகப் போன நாளில், ஒரு பாட்டின் பாதியில் கம்ப்யூட்டர் அணைந்துபோயிருந்தது. கடியப்பட்டணத்துக்குப் பக்கத்துக் கடற்கரை ஊர். மீனவர் சங்கம் நடத்தும் சின்ன வானொலி. நாலைந்து ஊர்களைத் தாண்டிக் கேட்காது. ஆனால் பிற்பகல் மூன்று மணிக்கு அதில் வரும் கடல் நிலவரத்தைக் கேட்டுவிட்டுத்தான் சாயங்கால வள்ளங்கள் கடலில் இறங்கும்.

கேபினட்டைத் திறந்தால் ஃபேன் முழுக்கத் துரு. உப்பும் தூசியும் சேர்ந்து பிசுபிசுவென்று இருந்தது. கடலைப் பார்த்து ஜன்னலைத் திறந்துவைத்தால் வேறென்ன ஆகும்? அறிவிப்பாளர் ஸ்டெல்லா பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தாள்.

“சாரே, இது சாவதுக்கு முன்ன ஒரு வாக்கு சொல்லிட்டுச் சாவுமா?”

சிரித்துவிட்டேன். ஆனால் அவள் கேட்டது நியாயமான கேள்வி. வளைகுடாவில் பதினைந்து வருடம் சர்வர்களைக் காவல் காத்துவிட்டு வந்து, தக்கலையில் ஒரு சின்னக் கடை போட்டு உட்கார்ந்திருந்தவன் நான். கம்ப்யூட்டரின் சூடு, மெமரி, ஃபேன் வேகம் எல்லாவற்றையும் திரையின் ஓரத்தில் காட்டும் ஒரு சிஸ்டம் மானிட்டர் செய்து தருகிறேன் என்று வாக்குக் கொடுத்தேன்.

2. பனி பெய்யும் ஊர்க்காரர்

புதிதாக எழுத வேண்டிய அவசியமே இல்லை. யாரோ ஒருவர் எழுதி, யார் வேண்டுமானாலும் எடுத்து மாற்றிக்கொள்ளலாம் என்று இணையத்தில் போட்டிருந்த ஓப்பன் சோர்ஸ் நிரல் கிடைத்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கடையில் ஆள் வராது. அந்த நேரத்தில் அதை வரி வரியாக வாசிப்பேன். வெளியே திருவனந்தபுரம் பஸ் போகும் சத்தம் தூரத்தில் கேட்டுக்கொண்டிருக்கும்.

எழுதியவருக்குக் குறிப்பு எழுதும் பழக்கம் அதிகம். ஓரிடத்தில், ‘இந்த வரியை எழுதும்போது வெளியே பனி பெய்கிறது’ என்று ஆங்கிலத்தில் எழுதிவைத்திருந்தார். இன்னோரிடத்தில், ‘இது ஏன் வேலை செய்கிறது என்று எனக்கே தெரியாது, தொடாதீர்கள்.’ ஆணா பெண்ணா, எந்த நாடு, ஒன்றும் தெரியாது. தக்கலை வெயிலில் உட்கார்ந்துகொண்டு, எங்கோ பனியில் மூடிய ஜன்னலுக்குள் ஒருவர் தேநீர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். “கண்ணைத் தொறந்துட்டே ஒறங்குற ஆளு” என்று என் மனைவி கேலி செய்வாள். பொய்யில்லை. அந்த இரண்டு வாரமும் எனக்கு அவ்வளவு சுகமாக இருந்தது.

எழுத்துக்களைப் பெரிதாக்கினேன், தமிழாக்கினேன், பச்சை நிறத்தில் ஒரு கோடு மெல்ல ஏறி இறங்கும்படி வைத்தேன். ஸ்டெல்லாவுக்குப் பிடித்துவிட்டது. ஒரே ஒரு குறைதான் சொன்னாள். துருப்பிடித்த அந்தப் போர்டில் வெப்பநிலை சென்சார் அவ்வப்போது பதில் சொல்லாது. அப்போதெல்லாம் எண்ணுக்குப் பதில் இரண்டு சின்னக் கோடுகள் தெரியும்.

“வாசிச்சிட்டு இருக்கும்போ அந்த ரெண்டு கோடு வந்தா எனக்குப் பயமாட்டு இருக்கு சாரே. ஒரு நம்பரு கெடந்தா சமாதானமா வாசிப்பேன்.”

நிரலில் அந்த இடத்தைத் தேடிப் போனேன். மேலே ஒரு குறிப்பு இருந்தது: ‘இங்கே ஊகிக்காதீர்கள். தெரியவில்லை என்பதும் ஒரு தகவல்தான்.’ பனிக்காரர் ஏதோ தத்துவம் பேசுகிறார் என்று நினைத்தேன். குறிப்பை அழித்துவிட்டு, சென்சார் பேசாவிட்டால் கடைசியாகச் சொன்ன எண்ணையே காட்டும்படி மாற்றினேன். மூன்று வரி வேலை. திரை அழகாகிவிட்டது.

3. கள்ளக்கடல்

காற்றே இருக்காது, வானம் தெளிந்திருக்கும். எங்கோ தூரத்துக் கடலில் கிளம்பிய அலை சொல்லாமல் வந்து கரையேறும். அதைத்தான் எங்கள் பக்கம் கள்ளக்கடல் என்பார்கள். ஒரு நாள் அந்த எச்சரிக்கை வந்திருந்தது. மூன்று மணிக்கு ஸ்டெல்லா மைக்கைத் திறந்து வணக்கம் சொன்னாள். அடுத்த நொடி கம்ப்யூட்டர் அணைந்தது. மைக்கின் குரலும் அதன் வழியாகத்தான் போக வேண்டும் என்பதால் வானொலியே ஊமையாகிவிட்டது.

அவள் கோயிலுக்கு ஓடி, அங்கிருந்த மைக்கில் கத்தினாள். வள்ளங்கள் நின்றன, ஒன்றைத் தவிர. அவளுடைய தம்பி சகாயத்தின் வள்ளம் அவள் கத்துவதற்கு முன்பே இறங்கிவிட்டது. வானொலி நின்றதும், கரண்டு போயிருக்கும் என்று நினைத்தார்களாம். வானமும் தெளிவாக இருந்ததாம். திரும்பி வரும்போது அலை அவர்களைத் தூக்கிக் கரையில் எறிந்தது. நாலு பேரும் உயிரோடு வந்தார்கள். சகாயத்துக்குக் கை ஒடிந்தது.

மறுநாள் சங்கத் தலைவர் நிலையத்துக்கு வந்தார். நான் ஓரமாக உட்கார்ந்து கம்ப்யூட்டரைக் கழற்றிக்கொண்டிருந்தேன்.

“சூடு ஏறினா திரையில தெரியும்னுதான சாரு செஞ்சு தந்தாரு? நீ என்னத்தப் பாத்துட்டு இருந்த? செல்போனையா?”

“நாப்பத்தாறுதான் காட்டிச்சு. அணையும்போதும் நாப்பத்தாறுதான்.” என்றாள் ஸ்டெல்லா.

“நாப்பத்தாறுல மிசின் அணையுமாக்கும்? திங்கக்கெழமையில இருந்து வேற ஆளு வாசிக்கட்டும்.”

அவள் பொய் சொல்லவில்லை என்று அந்த அறையில் எனக்கு மட்டும் தெரியும். கொஞ்சம் முன்புதான் பதிவுக் கோப்பைப் பார்த்திருந்தேன். சென்சார் கடைசியாகப் பதில் சொன்னது இரண்டு பத்துக்கு. அதற்குப் பிறகு ஃபேன் நின்று, சூடு ஏறி, போர்டு தானாக அணையும் வரைக்கும், ஐம்பது நிமிடம் திரை காட்டியது என்னுடைய நாற்பத்தாறு. வெறும் கோடுகளைக் கண்டிருந்தால் அவள் பயந்து என்னைக் கூப்பிட்டிருப்பாள்.

துரு என்று சொன்னால் போதும், நம்பிவிடுவார்கள். சொல்லிவிடலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தேன். இப்போதும் அதை நினைத்தால் கூசுகிறது.

“அது நான் செஞ்ச தப்பு” என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். தலைவர் வெளியே போய்விட்டார். ஸ்டெல்லா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள்.

“எங்கிட்டச் சொல்லியாச்சு. நான் ஒறங்கிப் போனேன்னு கரையில உள்ளவங்க பேசுதாங்களே, அவங்ககிட்ட யாரு சொல்லுவா?”

4. மைக்கின் முன்னால்

நிரலை மறுபடி இறக்கினேன். பனிக்காரரின் குறிப்பு அதே இடத்தில் இருந்தது. இந்த முறை அதைத் தொடவில்லை. ஃபேன், போர்டு, சென்சார் எல்லாம் புதிதாக மாட்டினேன். பிறர் எழுதியதை எடுத்துக் கையாளும் இளைஞர்களுக்கு நான் சொல்வது இதுதான்: ஒரு வரியை அழிக்கும் முன், அது ஏன் அங்கே இருக்கிறது என்று கேளுங்கள். உங்களுக்குத் தெரியாததைத் திரையில் தெரிந்ததுபோல் காட்டாதீர்கள். அதை நம்பி ஒருவர் உட்கார்ந்திருப்பார்.

எல்லாம் மாட்டி முடித்த அன்று மூன்று மணிக்கு, நிலவரம் வாசிப்பதற்கு முன், ஸ்டெல்லா நாற்காலியை எனக்கு விட்டாள். என் பெயரைச் சொன்னேன். ஸ்டெல்லா பார்த்தது சரி, திரை காட்டியதுதான் தப்பு, அதை எழுதியது நான் என்றேன். அதற்கு மேல் என்ன சொன்னேன் என்று நினைவில்லை.

முடிப்பதற்குள் நிலையத்துப் போன் அடித்தது. ஸ்டெல்லா ஸ்பீக்கரில் போட்டாள். சகாயம்.

“சாரே, கேட்டாச்சு, போதும். எந்திரிச்சு அக்காளுக்கு எடம் விடுங்க. கடலு எப்பிடின்னு அவ சொல்லட்டு.”