நிமலன்ர வலது கால்

பேய், ஆவி எண்டு உதுகள் ஒண்டையும் நான் நம்பிறேல்லை, முதலே சொல்லிப்போட்டன். ஸ்ட்ராத்ஃபீல்டில ஒரு பிறந்தநாளுக்குப் போனால், சாப்பாடு முடிய எவனாவது ஒரு கணக்காளர் தொடங்குவான், ஆரோ கட்டில் காலடியில நிண்டதாம், கதவு தானாத் திறந்ததாம். படிச்ச மடையங்கள். நான் பிளேட்டையும் தூக்கிக்கொண்டு வெளியில போயிடுவன். இருபது வருசமா டீசல் எஞ்சின் திருத்திறன், நிண்டாலும் காரணம் இருக்கும், ஓடினாலும் காரணம் இருக்கும். இப்ப சொல்லப்போறதுக்கு நீரும் சிரிப்பீர். சிரியும்.

போன வருசம் ஜூலை, இங்க நடுக் குளிர்காலம், ப்ளூ மவுண்டன்ஸ் மலைக்கு அங்கால ரோட்டு வேலை. பிளாக்டவுனில இருந்து லொறியில ஏழு மணிக்கு அங்க போய்ச் சேருவன். அங்க மண் கிண்டுற ஒரு கிழட்டு எக்ஸ்கவேட்டர், குளிருக்கு ஸ்டார்ட் வராது. ஓடி வந்த லொறியின்ர எஞ்சினை நிப்பாட்டாமல் பக்கத்தில விட்டு, அதுக்குள்ள சுத்திற சுடு கூலண்ட் தண்ணியை ரெண்டு ஹோஸ் குழாயால மெஷினுக்குள்ள சுத்தவிடுவம். அரை மணித்தியாலத்தில கிழடு உசும்பும். எந்த மொக்கனும் செய்வான்.

அதை ஓட்டுறவன் நிமலன், மன்னார்க்காரன், ரெண்டு பிள்ளை. காலமையில மெஷினுக்கு முன்னால கொஞ்சம் தேத்தண்ணி ஊத்திக் கும்பிட்டுப்போட்டுத்தான் ஏறுவான். உம்மட இரும்புச் சாமிக்குச் சீனி காணுமோ எண்டு நெடுகலும் நக்கலடிப்பன். பல்லைக் காட்டுவான், பேயன்.

ஒரு நாள் காலமை நான் லொறியால இறங்க முதலே கத்திற சத்தம். கிடங்கு மூடுற இரும்புத் தகடு சறுக்கி அவன்ர வலது கால் மேல விழுந்திட்டுது, மெஷின் உருளுற இரும்புச் செயினோட ஒட்டிக் கிடக்கிறான், ரத்தம் ஓடுது. ஆறு பேர் பிடிச்சும் தகடு அசையேல்லை. அம்புலன்ஸ் வர முக்கால் மணித்தியாலமாம். சூப்பவைசர் எண்ட பெரிய அறிவாளி போனோட அங்கயும் இங்கயும் நடக்கிறார். தகட்டைத் தூக்க அந்தக் கிழட்டு மெஷின் ஒண்டுதான் இருக்கு, தொட்டுப் பார்த்தால் ஐஸ் கட்டி.

லொறியைக் கிட்டக் கொண்டுவந்து ஹோஸைக் கொழுவினன். நிமலன் செயினைப் பிடிச்சுக்கொண்டு, “அண்ணை, பிள்ளையளுக்கு இப்ப சொல்லவேண்டாம்” எண்டான். பொத்திக்கொண்டு கிடவும் எண்டு பேசினன், எனக்கு அழுகை வந்திட்டுது.

நம்பினால் நம்பும், அஞ்சு நிமிசம் ஆகேல்லை, மெஷின் எஞ்சினில கை வைக்கச் சுடுது. யோசிக்க ஆருக்கு நேரம். ஏறிச் சாவியைத் திருப்பினன், ஒரே திருப்பில பிடிச்சிட்டுது. தகட்டைத் தூக்க ஆக்கள் அவனை இழுத்தாங்கள். காலைப் பிடிச்சவன் சட்டெண்டு கையை எடுத்தான், அவ்வளவு குளிராம்.

அம்புலன்ஸ் போன பிறகு ஹோஸைக் கழட்டப் போனால், அதில இருக்கிற ரெண்டு வால்வும் பூட்டிக் கிடக்கு. கொழுவினவுடன திறக்கவேணும், நான் மறந்துபோனன், இருபது வருச அனுபவம் எண்டு பீத்திறவன். ஹோஸில பனி வெள்ளையாப் படிஞ்சிருக்கு, அதுக்குள்ளால ஒரு சொட்டும் போகேல்லை. மெஷினை ரெண்டு நாளாக் கழட்டிப் பார்த்தனான். ஒரு காரணமும் கிடைக்கேல்லை.

நிமலன் தப்பிட்டான், கொஞ்சம் நொண்டி நடக்கிறான். இந்த ஜனவரி, நாப்பது டிகிரி வெயிலுக்க அவன்ர வீட்டுக்குப் போனனான். எல்லாரும் வேர்த்து ஒழுக, அவன் வலது காலுக்கு மட்டும் கம்பளிச் சொக்ஸ் போட்டுக்கொண்டு இருக்கிறான். ரத்த ஓட்டம் நல்லா இருக்கெண்டுதான் டொக்டர்மார் சொல்லுகினமாம். சொக்ஸைக் கழட்டி, தொட்டுப் பாருங்கோ எண்டான். தொட்டனான். அண்டைக்கு நான் முதலில தொட்டபோது அந்த மெஷின் இருந்த அதே குளிர்.

“அண்ணை மெஷினைச் சூடாக்கினபடியாத்தான் நான் இருக்கிறன்” எண்டு தன்ர மனிசிக்கு முன்னால சொல்லுறான். வால்வு பூட்டிக் கிடந்ததை நான் இன்னும் அவனுக்குச் சொல்லேல்லை.