சுடலையம்மாள் ‘சரி’ என்று சொன்னது

சுடலையம்மாள் ‘சரி’ என்று சொன்னதுதான் தப்பு. அந்த ஒரு வார்த்தை அவள் வாயிலிருந்து வராமல் இருந்திருந்தால் நாங்கள் லாட்ஜையும் பார்த்திருக்க மாட்டோம், மீனையும் பார்த்திருக்க மாட்டோம்.

எங்கள் பக்கத்து வழக்கம் இது. புருஷன் செத்த பதினாறாம் நாள் கூடப்பிறந்தவன் கோடிச் சேலை கொண்டுவருவான். சபையில் எல்லோரும் கேட்க, “இனி நம்ம வீட்டுல வந்து இரு தாயி” என்பான். அவள், “வேண்டாம்ணே, அவிய வாழ்ந்த வீட்டுலயே இருந்துக்கிடுதேன்” என்று சொல்ல வேண்டும். மூன்று தடவை அவன் கேட்கணும், மூன்று தடவை இவள் மறுக்கணும். அதற்கப்புறம் பந்தி. கேட்கிறவனுக்கும் தெரியும், மறுக்கிறவளுக்கும் தெரியும், இலையைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறவனுக்கும் தெரியும். வெறும் மரியாதைப் பேச்சு.

சுடலைக்கு அது தெரியாததில்லை. எத்தனை கருமாதி பார்த்தவள்! கான்சாபுரத்திலிருந்து பத்தொன்பது வயதில் ராஜபாளையத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள். பிள்ளை இல்லை. புருஷன் வீரணன் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தபடியே சாய்ந்தாரே, அன்றையிலிருந்து அவள் அவளாக இல்லை. சாப்பிடு என்றால் சாப்பிட்டாள், படு என்றால் படுத்தாள். அழவும் இல்லை. அண்ணன் சங்கிலிப்பாண்டி முதல் தடவை கேட்டதுமே, “சரிண்ணே” என்றுவிட்டாள்.

இலையோடு நின்றவன் இலையைக் கீழே வைத்தான். சங்கிலிப்பாண்டி அண்ணன் துண்டால் முகத்தைத் துடைத்தார். ஐயாதுரை என்று தெருப் பெரியவர் ஒருத்தர், நல்ல காரியத்தைத் தள்ளிப்போடக் கூடாதென்று, பேப்பர் வாங்கிவரச் சொல்லி, கான்சாபுரம் போகிறவள் மில் வேலையை விட்டு விலகிக்கொள்வதாக அங்கேயே லெட்டர் எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள். மறுநாள் காலையில் மில் ஆபீசில் கொடுத்துவிட வேண்டியது என்று லெட்டர் அண்ணன் சட்டைப்பைக்குள் போயிற்று.

அவளும் நானும் ஒரே மில்லில், நூல் சுற்றுகிற கோன் வைண்டிங்கில் பதினோரு வருஷம். பெர்மனென்ட் ஆவதற்கு அவள் பட்ட பாடு எனக்குத் தெரியும். “இந்த வேலைய விட்டா திரும்பக் கெடைக்குமாட்டி கூறுகெட்டவளே?” என்று அடுப்படியில் வைத்துத் திட்டினேன்.

துக்கம் கழிந்ததும் வீட்டு ஆட்களைச் சினிமாவுக்குக் கூட்டிப்போவதும் வழக்கம்தான். அண்ணன் ஒரு படி மேலே போனார். ஒரு நாளாவது அந்த வீட்டை விட்டு வெளியே இருக்கட்டும் என்று அன்று மத்தியானமே ஸ்ரீவில்லிபுத்தூர் லாட்ஜில் இரண்டு ரூம் போட்டார். பஸ் ஏறினால் அரை மணி நேரம். அதற்கு ஒரு லாட்ஜ்! அவரும் மதினியும் ஒரு ரூம், சுடலையும் துணைக்கு நானும் ஒரு ரூம். எனக்கென்னவோ கலெக்டர் வீட்டுக்கு வந்த மாதிரி இருந்தது. குழாயைத் திறந்து திறந்து மூடினேன். சுடலை கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நல்லாருக்காட்டி?”

“இருக்கு குருவு.”

சாயங்காலம் தியேட்டருக்குப் போனால் ஹவுஸ்ஃபுல். தேரோட்டத்துக்குப் போட்டிருந்த பொருட்காட்சி இன்னும் கலைக்கவில்லை. எண்பத்தெட்டாம் வருஷம் அது. அங்கே கடல் மீன் காட்சி என்று பெரிய கொட்டகை. சரி, அதையாவது பார்ப்போம் என்று நுழைந்தோம்.

வாயைப் பிளந்துவிட்டேன். இரண்டு பக்கமும் கண்ணாடித் தொட்டிகள். நடுவில் ஒரு தொட்டி ஆளுயரத்துக்கு மேலே, எங்கள் வீட்டு முன்னறை அகலம். உள்ளே லைட்டைப் போட்டு, ஆமை, சுறாக்குட்டி, மஞ்சளும் கறுப்புமாகப் பேர் தெரியாத மீன்கள். குழம்பு வைக்கிற மீனைத் தவிர வேறென்ன கண்டோம் நாங்கள்! கொட்டகைக்குப் பின்னால் ஜெனரேட்டர் போட்ட இரைச்சலில் பக்கத்தில் நிற்கிறவர் பேசுவதுகூடக் கேட்கவில்லை.

எங்களுக்கு அது ஒரு குறையே இல்லை. மில்லில் மெஷின் ஓடும்போது காது எதற்கு? உதட்டைப் பார்த்தேதான் பேச்செல்லாம். பத்து மெஷினுக்கு அந்தப் பக்கம் நிற்கிறவள் வீட்டில் என்ன குழம்பு, மாமியாரோடு என்ன சண்டை, எல்லாம் இங்கிருந்தே தெரிந்துவிடும். வைண்டிங்காரிக்கு அது கை வேலை மாதிரி தானாக வந்துவிடுகிறது.

பெரிய தொட்டிக்கு இந்தப் பக்கம் நானும் சுடலையும். அந்தப் பக்கம் அண்ணனும் மதினியும். லைட் வெளிச்சத்தில் அவர்கள் முகம் பளிச்சென்று தெரிந்தது.

“இருக்கது ஒத்த ரூம்பு. எங்கன படுக்கப் போடுவிய?” என்றாள் மதினி.

“நான் என்ன செய்ய? வேண்டாம்னு சொல்லுவாள்னுதான கேட்டேன்.”

“நாளைக்கு லெட்டரக் குடுத்துட்டா பொறவு ஆயுசுக்கும் நம்ம தலையிலதான்.”

“சபையில கேட்டவன் நானு. இப்ப எந்த வாய வச்சு வராதன்னு சொல்ல?” என்று அண்ணன் நெற்றியைத் தேய்த்தார். ஆமை குறுக்கே வந்து முகத்தை மறைத்தது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திரும்பினேன். சுடலையும் அவர்கள் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

‘பாத்தியா?’ என்றேன், சத்தமில்லாமல்.

‘பாத்தேன்.’

‘போய் நாலு கேள்வி நறுக்குன்னு கேக்கவா?’

‘வேண்டாம். அவனும்தான் என்ன செய்வான்.’

முகத்தில் ஒன்றும் இல்லை. கோபம்கூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கொஞ்ச நேரம் ஆமையைப் பார்த்தாள். அது ஒரு மூலையிலிருந்து மறு மூலைக்குப் போய்த் திரும்பியது. அப்புறம் அவளே வெளியே நடந்தாள்.

வாசலில் அண்ணன் எல்லோருக்கும் மிளகாய் பஜ்ஜி வாங்கினார். சுடலை அதைக் கையில் வாங்கிக்கொண்டு, நாலு பேர் திரும்பிப் பார்க்கிற மாதிரி உரக்கச் சொன்னாள்.

“வேண்டாம்ணே. அவிய வாழ்ந்த வீட்டுலயே இருந்துக்கிடுதேன்.”

அண்ணன் திகைத்துப்போனார். மதினி பஜ்ஜியைக் கடித்தபடி நின்றுவிட்டாள்.

“என்ன தாயி இப்படிச் சொல்லுத? ஊரு என்னையத்தான காறித் துப்பும்? வந்துரு தாயி.”

“வேண்டாம்ணே. அவிய வாழ்ந்த வீட்டுலயே இருந்துக்கிடுதேன்.”

“நான் உசுரோட இருக்கையில நீ தனியா கெடக்கதா? நம்ம வீட்டுக்கு வா தாயி.”

“வேண்டாம்ணே. அவிய வாழ்ந்த வீட்டுலயே இருந்துக்கிடுதேன்.”

“அம்புட்டுதானா?” என்றார் அண்ணன். கண் கலங்கியிருந்தது, பொய்க் கண்ணீர் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் சபையில் கேட்டதோடு சேர்த்து மூன்றாவது தடவை கேட்கும்போதே கை சட்டைப்பைக்குள் போயிருந்தது. லெட்டரை எடுத்து அவளிடம் நீட்டினார். அவள் வாங்கி நாலாக மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

லாட்ஜுக்குத் திரும்பி நடக்கும்போது அவர்கள் இருவரும் முன்னால் போனார்கள். மதினி ஏதோ சொல்ல, அண்ணன் சிரித்தார். எனக்குத் தாங்க முடியாத சந்தோஷம். “பொழச்சட்டி! வேலையும் தப்பிச்சு, மானமும் தப்பிச்சு. நாளைக்கு மொத ஷிப்டுக்கு ரெண்டு பேருமா போவோம்” என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கினேன்.

சுடலை நின்றாள். பதினாறு நாளில் முதல் தடவையாக அவள் உதடு நடுங்கியது.

“நாலாவது தடவையும் கேட்டுருந்தாம்னா போயிருப்பேன் குருவு” என்றாள்.