உமாபதி துடைத்த பெரணி

உமாபதியைப் பைத்தியக்காரன் என்று சொல்லி இன்றைக்கும் எங்கள் கல்லூரியில் சிரிக்கிறார்கள். அவர்கள் வாயில் மண்ணைப் போட! தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்த பாவி நான்தான்.

அவன் நகரியில் தறி நெய்தவன். தறி சோறு போடவில்லை. ஆந்திர ராஜ்ஜியம் பிறந்த இரண்டாம் வருஷம் திருப்பதிக்கு வந்து, எங்கள் தாவரக் கூடத்தில் தினக்கூலிக்குச் சேர்ந்தான். செடிகளைக் காகிதத்துக்கு நடுவே அழுத்தி உலர்த்தி அட்டையில் தைக்கிற வேலை. நான் அங்கே அட்டெண்டர். வேலை நிரந்தரமானால்தான் நகரியில் இருந்த மனைவி ரத்னம்மாவை அழைத்துவர முடியும் என்று தினமும் சொல்வான்.

கார்த்திகை மழையில் நகரி மலைக்குப் போய், பாறை இடுக்கிலிருந்து விரல் நீளப் பெரணிச் செடி ஒன்றைக் கொண்டுவந்தான். புரொபசர் ஆதிநாராயணன் ரயிலுக்குக் கிளம்பும் அவசரத்தில் மேலாகப் பார்த்தார்.

"ஏமய்யா, இது புது ஜாதி மாதிரி இருக்குதே! காய வை. புதுசுதான்னா உன்னை பர்மனென்ட் பண்ணச் சொல்லி நானே எழுதறேன்."

வந்து ஆறு மாசம் ஆகவில்லை, அதற்குள் பர்மனென்டா என்று எனக்கு வயிறு எரிந்தது.

பெரணிக்குப் பூவும் இல்லை, விதையும் இல்லை. இலைக்கு அடியில் பழுப்பாக ஒட்டியிருக்கும் தூளிலிருந்துதான் அது பெருகும். அந்தப் பழுப்பு இலையோரமாக ஓடுகிறதா, நரம்பை ஒட்டி ஓடுகிறதா, மேலே தோல் மூடியிருக்கிறதா என்று பார்த்துத்தான் இனம் பிரிப்பார்கள். உமாபதிக்கு இது தெரியாது. சேலையை முதலாளியிடம் கொடுக்குமுன் ஒரு கறை, ஒரு பிசிறு விடாமல் எடுத்துப் பழகிய கை அவனுக்கு. ஈரத்துணியை வைத்துக்கொண்டு இலை இலையாகத் துடைத்தான். நான் பார்த்துக்கொண்டே பீடி குடித்தேன்.

புரொபசர் திரும்பிவந்து லென்ஸை வைத்தார்.

"அடியில இருந்தது எங்கேய்யா?"

"அழுக்கா இருந்துச்சி சார். சுத்தமா தொடச்சிட்டேன்."

அவர் வீசிய அட்டை சுவரில் மோதி விழுந்தது. "வேற கொண்டு வா. இல்லேன்னா இந்தப் பக்கமே வராதே!"

மறுநாளே மழையோடு மலையேறினான். நான்காம் நாள் ஆடு மேய்க்கிறவர்கள் பாறைக்கடியில் அவனைப் பார்த்தார்கள். மண்டை பிளந்திருந்தது. சட்டைக்குள் மடித்த செய்தித்தாளில் ஐந்து இலைகள், பழுப்பு கலையாமல் இருந்தன.

புரொபசர் லென்ஸில் பார்த்தார். நூறு வருஷத்துக்கு முன்பே பேர் வைத்த சாதாரணப் பெரணி. எங்கள் பீரோவிலேயே அதற்கு மூன்று அட்டை இருந்தது.

அவன் காரியத்துக்கு நகரி போனேன். ரத்னம்மா கேட்டாள்.

"அண்ணா, அது புதுச் செடிதானே? அவரு சொல்லிக்கினே இருந்தாரு. அதுக்கு அவரு பேர வெப்பாங்களா?"

"வெப்பாங்கம்மா" என்று சொல்லிவிட்டு, அவள் போட்ட சோற்றைச் சாப்பிட்டேன்.