சீவலப்பேரியில் நான் பிடுங்கிய நான்கு கலவன்கள்

மதுரையில் பாரம்பரிய நெல் குறித்த ஒருநாள் பயிற்சிக்குப் போய்வந்த மிதப்பில், இந்தத் தை இரண்டாவது ஞாயிறு சீவலப்பேரிக்குக் கிளம்பினேன். பயிற்சியில் அறிமுகமான விவசாயி செல்லத்தாய் அக்காதான் கூப்பிட்டிருந்தார். அவருக்கு நான் அண்ணாச்சி, எனக்கு அவர் அக்கா. யார் மூத்தவர் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை.

பாளையங்கோட்டையில் காலை 6.40க்கு டவுன் பஸ். டிக்கெட் பதினெட்டு ரூபாய், நாற்பது நிமிடம். இறங்கி ஒன்றேகால் கிலோமீட்டர் நடந்தால் அக்காவின் வயல்.

வயல் முழுக்கக் கடையில் வாங்கிய குட்டை ரகம், பால் பிடிக்கும் பருவம். நடுநடுவே இடுப்புக்கு மேல் வளர்ந்து சில தூர்கள் நின்றன. அக்கா விரலை நீட்டி எண்ணினார், இருபத்து மூன்று. "எல்லாம் ஆனைக்கொம்பன், எங்க பழைய நெல்லு. வெள்ளத்துல வெத நெல்லு டிரம்மோட போயிட்டு. முன்ன உதிர்ந்து கிடந்தது இப்பம் தானா முளைச்சிருக்கு. சுத்துவட்டாரத்துல கேட்டுப் பாத்துட்டேன், வேற யார்ட்டயும் கிடையாது."

மறுநாள் கலவன் எடுக்க ஆள் வருகிறதாம். விதைத்த ரகத்தோடு சேராமல் முளைத்திருப்பது எதுவானாலும் இங்கே கலவன்தான், கண்டதும் பிடுங்கிவிடுவார்கள். அடையாளத்துக்குத் துணி கட்ட வேண்டும் என்று அக்கா வீட்டுக்குக் கிளம்பினார். போகிற போக்கில், "அந்தக் கலவனைப் பாத்துக்கிடுங்க அண்ணாச்சி" என்றார்.

அந்த ஒரு சொல்லில் கவிழ்ந்தேன். நெட்டையாக நிற்பதை வேரோடு எடுக்க வேண்டும் என்று பயிற்சியில் சொல்லித் தந்திருந்தார்கள். அக்கா விரல் நீட்டிய அந்தப் பக்கம் மட்டும்தான் ஆனைக்கொம்பன் போல, இந்தப் பக்கம் நிற்பது வேறு ஏதோ கலவன், நம்மைப் பிடுங்கச் சொல்கிறார் என்று என் அதிமேதாவி மூளை முடிவு செய்தது. இறங்கிவிட்டேன்.

அக்கா திரும்பி வரும்போது என் கையில் நான்கு தூர்கள். அவர் வரப்பில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். எனக்கு அழுகை வந்தது, வெட்கமில்லாமல் சொல்கிறேன்.

"ஊருல அத்தன பேரும் பிடுங்கத்தான் செய்யுதாவ" என்றார் கடைசியில். "நீங்களாவது வேரோட பிடுங்கியிருக்கிய. அதப் பையப் பைய இங்கன கொண்டாங்க."

பிடுங்கிய குழியிலேயே என்னை நட வைத்தார். சேற்றை அணைத்து, குச்சி ஊன்றி, துணியால் தளர்த்திக் கட்டினோம். மீதிப் பத்தொன்பதுக்கும் துணி கட்டி முடிக்க மணி பதினொன்றரை.

போகிறவர்களுக்கு: தை மாதம்தான் சரி, மாசிக்கு மேல் அறுப்பு முடிந்துவிடும். செருப்பைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பாளைக்குத் திரும்புவது நல்லது. விவசாயி ஒரு வேலை சொன்னால் இரண்டு முறை கேளுங்கள், தெரிந்தது போலத் தலையாட்டாதீர்கள்.

மாசிக் கடைசியில் அக்கா போன் செய்தார். நான் நட்டதில் ஒன்று பட்டுப்போனது, மூன்று பிழைத்துக் கதிர் முற்றியிருக்கிறது. இருபத்திரண்டு தூரையும் தனியாக அறுத்துக் காயப்போட்டாராம்.

"அடுத்த பிசானப் பட்டத்துக்கு ஒரு சின்னப் பாத்தி நிறைய வரும். நடவுக்கு வந்துருங்க அண்ணாச்சி" என்றார். "உங்களுக்குத்தான் நடத் தெரியும்லா."